கடைசி இலைக்காரர்

1943-ஆம் ஆண்டு போகியன்று மலாக்காவின் காஜா பேராங்கில், விநாயகத்தின் வீட்டில், இறந்துபோனவர்கள் பதினொரு பேர் வாழையிலையில் வரைந்து வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மீன் முள்ளை மட்டும் இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். முள்ளும் கரியால் வரைந்ததுதான். அன்று வெயில் கடுமை. சந்தைக்கு உப்பு வரவில்லை.

மலாக்காச் செட்டிகள் வீடுகளில் போகி என்றால் அது செத்தவர்களின் நாள். சுல்தான்கள் காலத்தில் தமிழ்க்கரையிலிருந்து கப்பலேறி வந்து, இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பேச்சு மலாய் ஆகிவிட்டது. சாமி பழைய சாமிதான். போகியன்று குடும்பத்தில் செத்த ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, விளக்கேற்றி, வீட்டிலுள்ள எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே அவர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிறகு கதவைத் திறந்து, அதே சோற்றை உயிரோடிருப்பவர்கள் சாப்பிடுவார்கள். இத்தனை தலைமுறையாக ஒரு பருக்கையும் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் அரிசி இல்லாமல் போனது. மீன்பிடிப் படகுகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு மூத்தவரான விநாயகம், கிழங்கு வைப்போம், காலம் தெரிந்து அவர்களும் சாப்பிடட்டும் என்றார். அவருடைய தம்பி சொக்கப்பனின் மனைவி மெய்யம்மைக்கு அது மனசு ஒப்பவில்லை. மாமனார் உயிரோடிருந்தபோது மரவள்ளிக்கிழங்கைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர், அவருக்குப் போய் அதையா வைப்பது என்று கேட்டுக் கண் கலங்கினாள். அப்போதுதான் அவள் மகள் சிவகாமி, பதினான்கு வயசு, நான் வரைந்து வைக்கிறேனே என்றாள். கதவுக்குப் பின்பக்கம், கிணற்றுச் சுவர், பட்டாளத்து அறிவிப்பின் முதுகு என்று எங்கே இடம் கிடைத்தாலும் கரித்துண்டால் வரைந்துவைக்கும் பெண். அதற்காக விநாயகத்திடம் வாரத்துக்கு இரண்டு முறை திட்டு வாங்குவாள். அன்றும் அவர் திட்ட வாயெடுத்தார். சொக்கப்பன் முந்திக்கொண்டார்.

"வரையட்டும் அண்ணே. கிழங்கைவிடக் கேவலமாவா இருக்கப் போகுது?"

வாழையிலையில் கரி ஒட்டாது. சொக்கப்பன் குருபோங் வரைக்கும் சைக்கிளில் போய் ரப்பர் பால் கொண்டுவந்தார். அந்தச் சைக்கிளுக்கு டயர் கிடையாது, கயிறு சுற்றியிருந்தது. ரப்பர் பாலில் சிவகாமி கரித்தூளைக் குழைத்தாள். சம்பலுக்குச் செம்பருத்தியைக் கசக்கினாள், சோற்றின் ஓரத்தில் வழக்கமாக ஏற்றும் நீலத்துக்குச் சங்குப்பூ, வெள்ளைக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு. பதினொரு இலையிலும் வரைந்து முடிக்கக் காலையிலிருந்து கடிகாரம் பன்னிரண்டு காட்டும் வரைக்கும் ஆனது. கதவைச் சாத்தினார்கள். அரை மணி கழித்துத் திறந்தால் எல்லாம் வைத்தபடியே இருந்தது. செத்தவங்களுக்கும் கண்ணு இருக்கு, படத்துக்கும் சோத்துக்கும் வித்தியாசம் தெரியாதா என்றார் விநாயகம். சிவகாமி கையைக் கழுவப் போனாள்.

நடந்தது கடிகாரத்தின் குற்றம். ஜப்பான்காரன் வந்தவுடன் ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி, ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தான். செத்தவர்களுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அவர்கள் பழைய உச்சிவேளைக்குச் சரியாக வந்தார்கள். இலைகளை எடுத்து ஆட்டுக்குப் போடலாம் என்று இரண்டாவது தடவை உள்ளே போன மெய்யம்மை, வாசலில் நின்றபடியே எல்லாரையும் கூப்பிட்டாள். இலைகள் துடைத்ததுபோல் இருந்தன. மாமனார் சம்பலை மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார். காரம் அவருக்கு எப்போதும் ஆகாது.

இதில் வியக்க ஒன்றுமில்லை என்று பிறகு ஊரில் பேசித் தெளிந்தார்கள். நிஜச் சோறு வைத்த காலத்தில் அவர்கள் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்கு விட்டுவிடுவார்கள். படத்தில் சாரம் மட்டும்தானே இருக்கிறது. அதனால் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் விநாயகம், ஆபீஸ் வேலை பார்த்த காலத்திலிருந்து பத்திரமாக வைத்திருந்த நீலப் பென்சில் துண்டு ஒன்றைச் சிவகாமியின் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கிணற்றுச் சுவருக்காக அவர் திட்டவில்லை.

கம்பம் என்று சொல்லும் அந்தக் குடியிருப்பில் இருபதுக்கு மேல் வீடுகள். எல்லா வீட்டிலும் செத்தவர்கள் இருந்தார்கள், எந்த வீட்டிலும் அரிசி இல்லை. திவசம் வந்தால் சிவகாமியைக் கூப்பிட ஆள் வந்தது. சிலர் ஒரு முட்டை கொடுத்தார்கள், சிலர் சுட்ட கரியில் நல்ல கெட்டியான துண்டாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்து கொடுத்தார்கள். வீட்டுக்காரிகள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்க அத்தைக்கு நண்டு ஓடு உடைச்சிருக்கணும், எங்க மாமாவுக்குச் சோறு குழையக் கூடாது என்று சொல்லச் சொல்ல அவள் வரைவாள். ஜப்பான் பள்ளிக்கூடத்தில் அந்த ஏப்ரலில் படப் போட்டி வைத்து, பூஜி மலையை வரையச் சொன்னார்கள். சிவகாமி மலையைப் பார்த்ததில்லை. குவித்த சோற்றில் மேலே கொஞ்சம் ஆவி பறக்கிற மாதிரி வரைந்தாள். மூன்றாம் பரிசு கிடைத்தது, இரண்டு நோட்டுப் புத்தகம். படத்தைப் பள்ளிக்கூட ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். ஒரே வாரத்தில் அது உச்சியிலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோய் வெறும் காகிதம் மட்டும் தொங்கியது. யாரோ பசியில் இருந்திருக்கிறார்கள்.

இரண்டு நோட்டில் ஒன்றைச் சிவகாமி கோகிலாவுக்குக் கொடுத்தாள். கோகிலா, காஜா பேராங் சாலையோரம் மாட்டு வண்டி ஓட்டிய பொன்னுதுரையின் மகள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழ்க் குடும்பம். தமிழ்ப் பள்ளிக்கூடம் சண்டையில் மூடியதோடு அவள் படிப்பு நின்றது, எழுத்து நிற்கவில்லை. துண்டுச் சீட்டின் பின்பக்கம், தீப்பெட்டி உறை, அப்பாவின் வண்டிப் பலகை எல்லாவற்றிலும் எழுதினாள். வண்டிப் பலகையில் மழையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்ததைப் பார்த்து, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு சிப்பாய் ரகசியச் சேதியோ என்று பொன்னுதுரையை அரை நாள் வெயிலில் நிறுத்திவைத்தான். வீட்டுக்கு வந்து அவர் மகளைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எழுதினா வயிறு நெறையுமா?

அதற்குப் பதில் ஜூனில் கிடைத்தது. செத்தவர்கள் சாப்பிட்டார்கள் என்றாலும் கொஞ்ச நாளாக இலையில் மிச்சம் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, ருசி இல்லை என்று சிவகாமிக்கே பட்டது. நிறத்தை வரையலாம், புளிப்பை எப்படி வரைவது? ஆனி மாதம் விநாயகம் வீட்டில் எல்லா முன்னோருக்கும் சேர்த்துத் திவசம் வந்தபோது கோகிலா அவளோடு உட்கார்ந்து, சோற்றைச் சுற்றி இலை ஓரத்தில் நுணுக்கி எழுதினாள். தேங்காய்ப்பால் ஊறிய சோறு இது, விரலில் ஒட்டும், உதறினாலும் போகாது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்தாலும் உள்ளங்கையில் பாண்டான் இலை வாசம் இருக்கும். இது பாராங் மீன், முள் அதிகம், அவசரப்படாதவர்களுக்கு மட்டும் ருசி காட்டும். இப்படி. அன்று எல்லா இலையும் சுத்தமாக இருந்தது.

விநாயகம் வீட்டில் பதினோராவது இலை ஒன்று உண்டு. வரிசையில் கடைசி. கப்பலேறி வந்த முதல் ஆளுக்கு உரியது. பெயர் யாருக்கும் தெரியாது, கடைசி இலைக்காரர் என்றே சொல்வார்கள். அவருக்குப் பிறகு வந்த யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அந்த ஆனித் திவசத்துக்குப் பிறகு அவர் இலையில், கோகிலா எழுதியதற்குக் கீழே, நகத்தால் கீறிய எழுத்து இருந்தது. ஓலையில் எழுதிப் பழகிய கை. வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாமல் கோகிலாவைக் கூப்பிட்டார்கள். அவள் குனிந்து பார்த்தாள், முகம் சுருங்கியது.

"என்னலா எழுதியிருக்கு?" என்றாள் சிவகாமி.

"புளி போதாதாம்."

கோகிலா கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. படிச்சிருக்காருடி, ஒருத்தர் உக்காந்து முழுசாப் படிச்சிருக்காருடி என்று சிவகாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொன்னாள். அடுத்த தடவை, நாக்கின் இரண்டு ஓரமும் கூசும், கண் தானாக ஒரு முறை மூடித் திறக்கும் என்று எழுதினாள். நன்று என்று பதில் இருந்தது. அந்த இலையை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினாள். நெறையுதுப்பா, நம்ம வயிறு இல்ல, அவங்க வயிறு என்றாள். பொன்னுதுரை இலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மறுநாள் வண்டியின் உள்பக்கப் பலகை ஒன்றை இழைத்துக் கொடுத்து, இங்க எழுது, வெளிய தெரியாது என்றார்.

ஆகஸ்டில் சொக்கப்பனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, பிடித்த ஆட்களின் பெயர் எழுத ஒருவர் வேண்டும் என்று நில ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அவரை லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். மூன்று மாசத்தில் வந்துவிடுவார் என்றார்கள். மூன்று மாசம் ஆனது, ஐந்து ஆனது. தெங்கேராவிலிருந்து போனவர்களில் ஒருவன் தப்பி வந்து, அங்கே கொள்ளைநோய், புதைக்கவும் ஆளில்லை என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனான். சொக்கப்பனைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

1944 போகி நெருங்கியபோது விநாயகத்துக்குத் தூக்கம் போனது. தம்பிக்கு இலை போடுவதா வேண்டாமா? செத்திருந்து இலை போடாவிட்டால், இடமில்லாமல் வாசலிலேயே பசியோடு ஒரு வருஷம் நிற்பான். உயிரோடிருந்து இலை போட்டால்? அப்படி ஒரு தப்பை அதுவரை யாரும் செய்ததில்லை, அதனால் என்ன ஆகும் என்று கோயிலில் கேட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மெய்யம்மை மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. இலை போட்டால் அவள் தாலியை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி, அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான்காம் நாள் அவளே சொன்னாள், போடுங்கள், சாப்பிட்டால் இல்லை, சாப்பிடாவிட்டால் இருக்கிறார் என்று.

ஆக, சிவகாமி அப்பாவுக்குப் பிடித்த பாராங் மீன் பிண்டாங், அந்தப் புளிக்குழம்பை, வரைய வேண்டும். ஒரு வருஷமாகப் பாராட்டு வாங்கிய கை அன்று கரித்துண்டைத் தொடவில்லை. கோகிலாவைத் தேடி வண்டிக் கொட்டகைக்குப் போனாள்.

"கேவலமா வரைஞ்சிட்டா? அப்பா தொடவே மாட்டாருலா."

"தொடலைன்னா அப்ப என்ன தெரியும் உனக்கு? அப்பா இருக்காருன்னா, மீனு நல்லாயில்லைன்னா?"

கோகிலா வண்டிப் பலகையைத் துடைத்துக்கொடுத்து, சரி, ஒரு மீனைக் கேவலமா வரைஞ்சு காட்டு என்றாள். சிவகாமி வரைந்தாள். வாலை வேண்டுமென்றே கோணலாக வைத்தாள். மாடு கழுத்தை நீட்டி மீனைப் பார்த்துக்கொண்டே நின்றது. கோணல் வால் துடிக்கிற மாதிரியே இருந்தது. உன்னால முடியாதுடி, விட்டுரு என்றாள் கோகிலா.

வீட்டுக்கு வந்தபோது மெய்யம்மை இலையைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவள் சொன்னதைச் சிவகாமி தன் எழுபது வயசிலும் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள்.

"நல்லா வரை. இருக்கிறதிலேயே நல்லதா வரை. உங்கப்பா இருந்தா, வர மாட்டாரு, சாப்பிட மாட்டாரு. போயிருந்தா, பசியோட போகக் கூடாது."

சிவகாமி அந்த மீனை வரைய இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். செதிலுக்குச் சுண்ணாம்பில் துளி சங்குப்பூ. குழம்பில் மிதக்கும் எண்ணெய்க்கு மஞ்சள். தலையைக் கடைசியாக வரைந்தாள். கண்ணுக்கு, பெரியப்பா கொடுத்த நீலப் பென்சிலில் மிஞ்சியிருந்த நகத்தளவைச் செலவழித்தாள். கோகிலா ஓரத்தில் எழுதினாள். மற்ற இலைகளுக்கு எழுதுவதுபோல் ருசியைச் சொல்லாமல், இது சொக்கப்பன் அவர்களுக்கு, அவர் வீட்டில் சமைப்பதுபோலவே இருக்கும், சூடு ஆறவில்லை என்று மட்டும். சொக்கப்பனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதினாள்.

பன்னிரண்டு இலையும் போட்டு, விளக்கேற்றி, பழைய நேரத்தின் உச்சிக்குக் கதவைச் சாத்தினார்கள். சாவியை விநாயகம் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். கோகிலா வேலிக்கு வெளியே நின்றாள். குடும்பத்தின் போகி, அவள் உள்ளே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து விநாயகம் கதவைத் திறந்தார்.

சொக்கப்பனின் இலையில் முள் மட்டும் இருந்தது.

மெய்யம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். கை கழுத்துக்குப் போனது. விநாயகம் திரும்பி நின்று தோள்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். சிவகாமி இலையையே பார்த்தாள். தான் வரைந்த கோடு ஒவ்வொன்றும் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று அவள் கண் தானாகத் தேடியது. பிறகு சொன்னாள், தலை இல்லை என்று.

"என்னம்மா?" என்றார் விநாயகம்.

"தலையைத் தின்னிருக்கு, பெரியப்பா. கண்ணு வரைக்கும் உறிஞ்சியிருக்கு. அப்பா தலையைத் திங்கவே மாட்டாரு. எனக்குத்தான் வைப்பாரு."

பசித்தவன் எதையும் தின்பான், பாவம் என்றார் அவர். சிவகாமி கேட்கவில்லை. வரிசையை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே போனாள். பத்து இலை சுத்தம். கடைசி இலையில் புட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. கைபடவில்லை. கடைசி இலைக்காரர் தன் இடத்தில் உட்காரவே இல்லை. அப்பாவின் இலைக்குத் திரும்பி வந்து மண்டியிட்டுப் பார்த்தாள். கோகிலாவின் எழுத்துக்குக் கீழே நகக் கீறல் இருந்தது. வாசலுக்கு ஓடி, வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். கோகிலா படிப்பதற்குள் கண்ணை இரண்டு தடவை துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு சத்தமாகப் படித்தாள்.

"இவன் எங்களிடம் வரவில்லை. மீன் ஆறிப்போகும் என்று நான் உண்டேன். பொறுத்துக்கொள்க. தலை மிக நன்று."

மலாயில் அதை மாற்றிச் சொன்னதும் முதலில் சிரித்தது மெய்யம்மைதான். சுவரில் சாய்ந்தபடி, வாயைப் பொத்தாமல், ஐந்து மாசத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். சாவி தன் மடியிலேயே இருந்தது என்று விநாயகம் யாரும் கேட்காமலே நாலு பேரிடம் சொன்னார். அன்று அந்த வீட்டில் எல்லாரும் கிழங்கு சாப்பிட்டார்கள். வேலிக்குள் வந்துவிட்ட கோகிலாவுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். பிறகு அவள் எந்தப் போகிக்கும் வெளியே நிற்கவில்லை.

அடுத்த போகிக்குச் சொக்கப்பனுக்கு இலை போடவில்லை; அவர் அங்கே போயிருந்தால் கடைசி இலைக்காரர் எழுதியிருப்பார், யாருக்கும் சந்தேகம் இல்லை. 1945 அக்டோபரில் அவர் வந்து சேர்ந்தார், பாதி ஆளாக, ஆனால் நடந்து. கடிகாரங்கள் பழைய நேரத்துக்குத் திரும்பியிருந்தன. மெய்யம்மை எங்கிருந்தோ ஒரு பாராங் மீன் வாங்கிப் பிண்டாங் வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு வைத்த மீனை அவர் ஏன் சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டார். பிறகு தலையைப் பிய்த்து மகளின் தட்டில் வைத்தார். அவள் அதைத் தின்னாமல் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டேன் என்றாள்.

அரிசி வந்துவிட்டதால் 1946-இல் பதினொரு இலைக்கும் நிஜச் சோறு படைத்தார்கள். பத்துப் பேரும் பழையபடி சாரத்தை எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுப்போனார்கள். கடைசி இலைக்காரர் மட்டும் நிஜச் சோற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மறுபடி வரைந்தும் எழுதியும் வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். சிவகாமி ஒரே ஒரு மீன் தலையை, இலை நிறைய, கண்ணைச் சரியான அளவில் வரைந்தாள். கோகிலா எட்டு வரி எழுதினாள். கதவைத் திறந்தபோது இலை காலி. அடுத்த ஆண்டு இரண்டு வைக்கவும் என்று கீறியிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு வைக்கிறார்கள். சிவகாமிக்கும் கோகிலாவுக்கும் பதினெட்டு ஆனபோது, கம்பத்திலும் சாலையோரத்திலும் சுவரைக் கிறுக்குகிற, சீட்டின் பின்னால் எழுதுகிற பிள்ளைகளாகப் பார்த்துப் பதின்மூன்று வயசில் ஒருவருக்குக் கரியும் ஒருவருக்கு மையும் கொடுத்தார்கள். அவர்களுக்கும் வயசானபோது வேறு இருவர் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை வீட்டில் திட்டுவதில்லை; திட்ட வேண்டியதைக் கடைசி இலைக்காரர் பார்த்துக்கொள்கிறார். அவர் எல்லாருக்கும் ஒரு முறையாவது புளி போதாது என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு புளி சேர்த்து எழுதுவார்கள்.